ஆறு மணிக்குத் திறக்கும் கடல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலைத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திறந்துவிடுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த ஆள் நான். மெட்ராசுக்குப் போய்க் கடலை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகும் நம்பினேன். பார்க்காமல் நம்புகிறவனை ஏமாளி எனலாம். பார்த்த பிறகும் நம்புகிறவனுக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் சில பெயர்கள் வைத்திருந்தார்கள். அவற்றை அச்சில் போட முடியாது.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. எங்கள் ஊர் சங்ககிரிக்கு மேற்கே, மேட்டூர் வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. நான் கண்ட தண்ணீரெல்லாம் யாராவது திறந்துவிட்ட தண்ணீர்தான். அணையைத் திறந்தால் வாய்க்காலுக்கு வரும். வாய்க்காலைக் காவல் காக்கும் லஸ்கர், காக்கி அரைக்கால் சட்டையில் சைக்கிளேறி வந்து மதகைத் திருகினால் எங்கள் வயலுக்கு வரும். முறை முடிந்ததும் மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். ஒரு வாய்க்காலுக்கே இத்தனை கட்டுக்காவல் என்றால், அவ்வளவு பெரிய கடலை இராப்பகலாகத் திறந்துபோட்டு வைத்திருப்பார்கள் என்று எந்தக் குடியானவன் வீட்டுப் பிள்ளை நம்பும்?

ஒரு கார்த்திகை மாதம் அப்பா திடீரென்று மெட்ராஸ் போகலாம் என்றார். முறைத் தண்ணீருக்குத் தவிர வேறு எதற்கும் ஊரைத் தாண்டாத மனிதர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, லாரி ஓட்டினார். வாராவாரம் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போய்வருவார். அவர் லாரியிலேயே போய்க் காலையில் இறங்குவது, மூட்டையை இறக்கிவிட்டு அவர் புறப்படும்போது நாங்களும் ஏறிவிடுவது என்று ஏற்பாடு. ஒரே ஒரு பகல். மறுநாள் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. தவறவிட்டால் நட்ட நெல் காயும். அம்மா வரவில்லை. வீட்டில் கறக்கிற எருமை இருந்தது. அது வேறு யார் கைக்கும் பால் விடாது. ஆக, அப்பா, அக்கா, நான்.

யாரும் கேட்காமலே பயணத்திட்டத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன். அஞ்சாம் வகுப்பு படிக்கிறவன் இருக்கும்போது வேறு யார் எடுப்பது? புளியங்கொட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு கொட்டையும் ஓர் இடம். முதல் கொட்டை உயிர்காலேஜ். மிருகக்காட்சி சாலையை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். சிங்கத்துக்கு ஒரு கொட்டை தனியாக. அடுத்தது, அப்போது மெட்ராசிலேயே உயரமான பதினாலு மாடிக் கட்டடம். பாடம் செய்த மிருகங்களும் எலும்புக்கூடுகளும் இருக்கும் செத்தகாலேஜை, உயிரோடு இருப்பதைப் பார்க்கவே நேரம் போதாது என்று தள்ளுபடி செய்தேன். கடலை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. மாமாவிடம் போனேன். அவர் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார்.

“கடலுக்கு எப்பங்க மாமா தண்ணி உடுவாங்க?”

லாரிக்கடியில் கிரீஸ் அடிப்பது நின்றது. பிறகு மிகவும் பொறுப்பான குரலில் பதில் வந்தது. “பொழுதோட ஆறு மணிக்கு மாப்ளே. அதுக்கு முந்திப் போனீன்னா வெறும் மணலுதான் கெடக்கும்.”

கடல் கொட்டை கடைசிக்குப் போனது.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்குப் பதினேழு வயது. நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தால் கடல் கொட்டை முதலாவதாக இருக்கும். எடுத்துக் கடைசியில் வைப்பேன். சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடியும் முதலில் இருக்கும். அவளுக்குச் சிங்கம் வேண்டாம், மாடி வேண்டாம். கடல் ஒன்று போதுமாம். பெண்பிள்ளைகளுக்கு ஊர் பார்க்கத் தெரியாது என்று முடிவுகட்டினேன்.

“கடலுக்கு மதகு எங்கடா இருக்குது?” என்றாள்.

“மாமா பாத்திருக்காரு. நீ பாத்தியா?” என்றேன்.

அவள் கொட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். வாதத்தில் ஜெயித்தேன் என்று அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்பாவும் மறுக்கவில்லை. அவரும் கடலைக் கண்டதில்லை. வெயில் தாழப் போவதுதான் நல்லது என்று நினைத்திருக்கலாம். புறப்படும்போது அம்மா லாரியோரம் நின்று, எனக்குக் கட்டுச்சோற்றைக் கொடுத்துவிட்டு, அக்காவிடம் மட்டும் சொன்னாள்: “நல்லாக் கண்ணு நெறையப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு சாமி.”

மூட்டைகளின் மேல் தார்ப்பாயில் மல்லாந்து போன அந்தப் பயணத்துக்கு ஈடாக இன்றுவரை ஒரு விமானமும் எனக்கு அமையவில்லை. வாய் ஓயாமல் சிங்கத்தைப் போலக் கத்திக்கொண்டே வந்தேன். விழுப்புரம் தாண்டும்போது குரல் போய்விட்டது. மெட்ராசில் இறங்கியபோது நான் பேசியது பூனைக்குட்டி பேசியதுபோல் இருந்தது.

உயிர்காலேஜில் எங்களை இறக்கிவிட்டு மாமா மூட்டையோடு போய்விட்டார். ஆறரைக்குக் கடற்கரைச் சாலையில் லாரி நிற்கும் என்றார்.

புலி, கரடி, நீர்யானை என்று நான் ஓடிய ஓட்டத்தில் கால்சட்டைப் பொத்தான் ஒன்று எங்கோ விழுந்தது. ஒரு கையால் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்பா வரிக்குதிரையிடம் நின்றவர் நகரவேயில்லை. எங்கள் பக்கத்தில் ராசியான சுழி இருக்கிறதா என்று பார்க்காமல் மாடு வாங்க மாட்டார்கள். அந்தக் கோடுகளுக்குள் சுழி எங்கே இருக்கிறது என்று நெற்றியிலும் முதுகிலும் தேடிக்கொண்டே இருந்தார். வயதைக் கணக்குப் போடக் காவல்காரரை அழைத்து, “பல்லு எத்தன போட்டிருக்குதுங்க?” என்று கேட்டார். அவர் தெரியாது என்றதும், பல்லைப் பார்க்காமலா வாங்கிப்போட்டார்கள் என்று சர்க்காரை நினைத்து வருத்தப்பட்டார்.

நடுப்பகலில் அக்கா மெல்லக் கேட்டாள். “இப்பவே ஒரெட்டு கடலுக்குப் போயிட்டு வந்துரலாங்களாப்பா?”

அப்பா என்னைக் காட்டினார். “அவந்தான் எல்லாம் ரோசன பண்ணி வெச்சிருக்கானே சாமி.”

“இப்பப் போனா வெறும் மணலுதான்” என்றது பூனைக்குட்டி.

சிங்கத்துக்குக் கறி போடும் நேரத்துக்காகக் காத்திருந்தோம். கர்ஜிக்கும், கம்பி அதிரும், ஜனங்கள் சிதறி ஓடுவார்கள், நான் மட்டும் நிற்பேன் என்று நினைத்திருந்தேன். கறி வந்தது. சிங்கம் எங்கள் எருமையைப் போல அசைபோட்டுத் தின்றது, முதுகைக் காட்டிப் படுத்தது. இப்போது கத்தும், இப்போது கத்தும் என்று அங்கேயே நின்றேன். ஒரு கொட்டாவி விட்டது. அதைத்தான் பள்ளிக்கூடத்தில் கர்ஜனை என்று பிறகு சொன்னேன்.

அப்புறம் பதினாலு மாடி. எண்ணினேன், பன்னிரண்டுதான் வந்தது. மறுபடியும் எண்ணினேன், பதினைந்து. சர்க்கார் கணக்கும் என் கணக்கும் ஒத்துவரும்வரை நகர மாட்டேன் என்று பிடிவாதம். அக்கா என் தலைக்கு மேலே கட்டடத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம் கட்டியிருந்தது.

பஸ் பிடித்துக் கடற்கரையில் இறங்கியபோது மணி ஆறைத் தாண்டியிருந்தது. கார்த்திகை இருட்டு, மேகம் வேறு. மணலில் நடந்தோம். எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மேட்டூரில் உபரித் தண்ணீர் விடும்போது கேட்குமே, அதைப்போலப் பத்து மடங்கு இரைச்சல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி திறந்துவிட்டார்கள்.

“கேட்டியாக்கா? தெறந்துட்டாங்க” என்று கத்தினேன். குரல் வரவில்லை.

அக்கா தண்ணீர் வரைக்கும் போய் நின்றாள். ஏதோ ஒன்று கறுப்பாக வந்து அவள் காலை நனைத்துவிட்டுப் போனது. தூரத்துக் கலங்கரை விளக்கின் ஒளி சுற்றி வரும்போது மட்டும் நுரை ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. தெரிவதற்குள் போய்விட்டது. அவள் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தாள். குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதற்குள் சாலையில் மாமாவின் லாரி ஹாரன் அடித்தது. அப்பா இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை அவரே மணலில் இறங்கிப் போய், அவள் பக்கத்தில் நின்றார். தண்ணீர் முறைக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் பொறுக்காத மனிதர், ஹாரன் அடிக்க அடிக்க நின்றார். அது எனக்குப் புதிராக இருந்தது.

மறுநாள் வீட்டு வாசலில் அம்மா என்னைத் தாண்டிக்கொண்டு அக்காவிடம் போனாள். “பாத்தியா சாமி?”

“சத்தம் நல்லாக் கேட்டுதும்மா” என்றாள் அக்கா.

நான் இடையில் புகுந்து, கடல் திறந்த வைபவத்தை மாமா சொன்ன நேரத்தோடு சேர்த்து விளக்கினேன். அம்மா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மாமா அன்று சிரிக்கவில்லை. “வெளையாட்டுக்குச் சொன்னனுங்கக்கா” என்று முனகிவிட்டுச் சாப்பிடாமலே லாரியை எடுத்துக்கொண்டு போனார். கறிக்குழம்பு வைத்திருந்த நாளில் சாப்பிடாமல் போகிறாரே, என்ன மனிதர் என்று நினைத்து, அவர் பங்கையும் நானே தின்றேன்.

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். பரமத்திப் பக்கம், பெரிய பண்ணையம், கட்டுத்தறி நிறைய எருமைகள். அவை அவள் கைக்குப் பழகிவிட்டன. வேறு கைக்குப் பால் விடவில்லை. கார்த்திகையிலேயே பேச்சு முடிந்துவிட்டது, போகிறதுக்கு முன்னால் உனக்கு என்ன வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறாள், அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதற்காகத்தான் லாரி, அதற்காகத்தான் ஒரு பகல் என்பதெல்லாம் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் என்னவோ சிங்கத்துக்காக ஒரு குடும்பமே புறப்பட்டது என்று நினைத்திருந்தேன்.

பல வருஷம் கழித்து மெட்ராசில் வேலை கிடைத்து, கடலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பிடித்தேன். மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். பரமத்திக்கு நேரே போய், கட்டுத்தறியில் பால் கறந்துகொண்டிருந்த அக்காவின் பின்னால் நின்று, ஒரு வாரம் வந்து தங்கு, காலையிலிருந்து பொழுது சாய்கிறவரைக்கும் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம் என்றேன். எருமையின் மடியிலிருந்து கையை எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல் அவள் கேட்டாள்:

“ஏண்டா, இப்பப் பகல்லயே தெறந்து உடறாங்களா?”