பன்னீர் சோடாவில் கலந்த ரம்

காலண்டர் சீசன் சூடு பிடிக்கும் நேரத்தில் எங்கள் தெருவில் பத்து நாள் குப்பை அள்ளவில்லை. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் கையுறையும் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறையும் கேட்டுப் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். என் அச்சகம் கீழே, வீடு மேலே. தெருக் குப்பை முழுவதும் வந்து சேரும் மூலை என் கேட்டை ஒட்டி இருக்கிறது. கல்யாண மண்டபத்து எச்சில் இலை, கோழிக்கடைக் கழிவு, குழந்தைகளின் டயப்பர் எல்லாம் அங்கேதான். வேறு ஊராக இருந்தால் யாராவது தீ வைத்திருப்பார்கள். சிவகாசியில் அந்தத் தைரியம் ஒருவருக்கும் கிடையாது. குப்பைக்குள் எந்தப் பட்டாசுக் கம்பெனியின் மருந்து கிடக்கிறதோ, யார் கண்டது.

நாலாம் நாள் சாயங்காலம், திருத்தங்கலில் பைண்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பரையும் எதிர்வீட்டுக்காரரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்க முடியாதே, அதனால் மூக்கையே ஏமாற்றும்படி ஒன்று கலந்தேன். ரம், எலுமிச்சைச் சாறு, நன்னாரி சர்பத், தட்டிய இஞ்சி, ஒரு சிட்டிகை உப்பு, மேலே ஜில்லென்று பன்னீர் சோடா. வாயருகே கொண்டுபோனால் பன்னீர் வாசனைதான் வரும். போராட்டம் இன்னும் நாலு நாள் நீடிக்கட்டும் என்றார் பைண்டிங் நண்பர். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்று சாயங்காலம் அப்படிப் போயிற்று. என் கைப்பக்குவத்தில் எனக்கே தலைக்கனம் ஏறிவிட்டது.

எட்டாம் நாள், வடக்கேயிருந்து ஒரு பெரிய ஆர்டர் பார்ட்டி மறுநாள் காலை வருவதாகப் போன் செய்தார். கேட்டில் இறங்கியதும் அவர் மூக்கில் ஏறப்போவதை நினைத்துப் பார்த்தேன். எங்கள் தெருவுக்குக் குப்பை அள்ள வருபவர் நினைவுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என் மனைவி அவரை அண்ணே என்பாள். நான் வா, போ என்றுதான் கூப்பிடுவேன். சாக்கடை அடைத்துக்கொண்டாலோ நாய் செத்துக் கிடந்தாலோ எங்கள் தெருவில் அவரைத்தான் கூப்பிடுவோம். கூலியோடு ஒரு குவாட்டர் பாட்டிலும் கொடுப்போம், நாற்றம் தெரியாமல் இருக்க. அவர் வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வார். அதைத் தாராள மனசு என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

நான் போனை எடுத்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது. "அந்த அண்ணனக் கூப்பிடாதீக. ஒரு வீட்டுக்கு அள்ளிட்டு நாளைக்குப் பந்தல்ல இருக்கிறவுக மூஞ்சில எப்படி முழிப்பாக?" என்றாள். அது எனக்குத் தெரியாததல்ல. ஒருவர் வளைந்தால் போதும், அவரைக் காட்டியே ஒப்பந்தக்காரர் மற்றவர்களையும் பந்தலிலிருந்து எழுப்பிவிடுவார். கூட வேலை பார்ப்பவர்கள் ஆயுசுக்கும் அவரைத் துரோகி என்பார்கள். எல்லாம் தெரிந்துதான் எண்ணை அழுத்தினேன்.

இருட்டும் நேரத்தில் பின் சந்து வழியாக வந்தார். வெறும் குவாட்டரை நீட்டாமல், அவருக்கும் அந்தக் கலவையையே கொடுப்போம் என்று தோன்றியது. அடுக்களை அலமாரியில் கண்ணாடி கிளாஸ்கள் கழுவி வரிசையாக இருந்தன. அவற்றைத் தாண்டிக் கையை நீட்டி ஒரு பேப்பர் கப்பை எடுத்தேன். யோசித்தெல்லாம் எடுக்கவில்லை. யோசிக்காமலே எடுத்தேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

இதைக் குடித்தால் நாற்றமே தெரியாது, ஒரு மணி நேரத்தில் அள்ளிவிடு, யாருக்கும் தெரியாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கப்பைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்தார்.

"நான் குடிக்க மாட்டேன் அண்ணாச்சி."

எப்போதிலிருந்து நல்லவனானாய் என்று சிரித்தேன்.

"என்னைக்குமே குடிச்சதில்ல. நீங்க குடுக்கிறத கூட வேலை பாக்கிறவுகளுக்குக் குடுத்துருவேன். வேண்டாம்னு சொன்னா திமிருன்னு நினைப்பீக." கேட்டுப் பக்கம் பார்த்தார். "நாத்தம் எனக்கும் தெரியும் அண்ணாச்சி."

குரலில் கோபம் இல்லை. தன் வீட்டம்மாவும் பந்தலில்தான் இருப்பதாகச் சொன்னார். வாரேன் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, கோபம்தான். இத்தனை வருஷம் வாங்கிக்கொண்டு இப்போது பேசுகிறானே என்று மனைவியிடம் கத்தினேன். விடிவதற்குள் நானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இறங்குவதற்கு முன் என் கலவையில் ஒரு கிளாஸ் குடித்துக்கொண்டேன். நாற்றம் கொஞ்சமும் குறையவில்லை. மூன்றாவது சட்டி நிரம்புவதற்குள் பன்னீரும் கோழிக்குடலும் ஒன்றாக மணக்க, கேட்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். மிச்சத்தை மனைவி கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு அள்ளினாள். எல்லாவற்றையும் தெருக்கோடிக் காலி மனையில், கருவேல முள்ளுக்குள் கொட்டினோம். பார்ட்டி வந்தார், ஆர்டரும் கொடுத்தார்.

இரண்டு நாளில் போராட்டம் முடிந்தது. புதுக் கையுறையோடு அவர் வந்தபோது வாங்க என்றேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையை வாங்கிக்கொண்டார். நாங்கள் முள்ளுக்குள் கொட்டியதையும் அவரும் அவர் மனைவியும்தான் அன்று அள்ளினார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல நாள் வாசலில் நின்றிருக்கிறேன். அவர் விசில் சத்தம் நெருங்கியதும் குப்பைக் கூடையை வாசலில் வைத்துவிட்டு மாடியேறிவிடுவேன்.

போன வாரம் எதிர்வீட்டில் சாக்கடை அடைத்துக்கொண்டது. அவர்தான் வந்து எடுத்தார். முடிந்ததும் எதிர்வீட்டுக்காரர் கூலியோடு ஒரு குவாட்டரையும் நீட்டினார். நான் என் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவர் குடிக்கமாட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்பார், அந்தப் பேப்பர் கப்பைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். எதிர்வீட்டுக்காரர் நீட்டிய பாட்டிலை அவர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கம் பார்த்தார். நான் மெஷினைப் பார்க்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன்.