கொட்டிலில் எது நல்ல மாடு

தர்ஸ்டன் பொறாமைக்காரன் என்பது பர்ஸ்கோம்ப் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவன் தம்பி ஆல்வினுக்கு மட்டும்தான் தெரியாது. அல்லது தெரிந்தும் தெரியாதவன்போல் இருந்தான். அந்தப் பெருந்தன்மையும் தர்ஸ்டனுக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது.

காரணம் இல்லாமல் இல்லை. பிரபுக்கள் ஊரை ஆண்ட காலம் அது. சஸெக்ஸில் அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் அப்பன் செத்தால் நிலம் கடைக்குட்டிக்கு. மூத்தவனுக்குக் கையை விரித்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் "வழக்கம்" என்பார்கள், அதற்கு மேல் பேச்சே கிடையாது. தர்ஸ்டன் மீசை முளைக்கும் முன்பே ஏர் பிடித்தவன். வாரத்தில் பாதி நாள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைப்பான், மிச்ச நாளில் அப்பன் கோட்ரிக்கின் நிலத்தில் முதுகு ஒடியப் பாடுபடுவான். தொட்டிலில் கிடந்த ஆல்வின்தான் அந்த நிலத்துக்கு வாரிசு. அந்தத் தொட்டிலை ஆட்டச் சொன்னால் யாருக்குத்தான் கை வரும்?

பண்ணைச் சுவடியில் இந்தக் குடும்பத்துக்கு "வில்லன்" என்று பெயர். கெட்டவன் என்று அர்த்தமில்லை. பிரபுவைக் கேட்காமல் ஊரைவிட்டுப் போகவோ பெண்ணைக் கட்டிக்கொடுக்கவோ முடியாமல், மண்ணோடு கட்டப்பட்ட குடியானவன், அவ்வளவுதான். கெட்ட அர்த்தம் பிறகு வந்து ஒட்டியது. பெரிய மனிதர்களின் வாயில் புரண்டால் ஏழையின் பெயர் வேறு எப்படி ஆகும்?

தர்ஸ்டனுக்கு ஒரே ஒரு வழி திறந்தது. ஹாவிஸ் என்ற விதவையிடம் புருஷனின் நிலம் இருந்தது, உழ ஆள் இல்லை. பிரபுவின் அனுமதியோடு அவளைக் கட்டுகிறவன் அங்கே ஏர் ஓட்டலாம். தர்ஸ்டன் போய்க் கேட்டான்.

"உன் மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் என்னய்யா பண்ண?" என்றாள் அவள். "ஏர்ல பூட்ட ஒரு நல்ல மாட்டோட வா. அப்பறம் பேசலாம்."

அன்றிலிருந்து பர்னல் என்ற கன்றுக்குட்டியே அவன் உலகம். தன் தட்டிலிருந்த அவரையையும் பட்டாணியையும் அதற்கு ஊட்டினான். அது வளர்ந்து மினுமினுக்கும் செவலை எருதாயிற்று. அப்போதும் நெஞ்சு ஆறவில்லை. ஆல்வினுக்கும் ஒரு எருது இருந்ததே, வெள்ளைக்கால் என்று. பீர் குடிக்கும் இடத்திலெல்லாம் தர்ஸ்டன் சொல்லித் திரிந்தான்: "பர்னல் பக்கத்துல நின்னா, தம்பி மாட்ட கழுதைன்னுதான் நெனப்பாங்க."

அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சாயிற்று. அதற்குள் அப்பா கோட்ரிக் கண்ணை மூடிவிட்டார்.

குடியானவன் செத்தால் அவன் கொட்டிலில் இருப்பதிலேயே நல்ல மாடு பிரபுவுக்குப் போய்விடும். அதற்கு ஹெரியட் என்று பெயர். பழைய நாளில் போர்வீரன் செத்தால், பிரபு அவனுக்குத் தந்திருந்த குதிரையையும் வாளையும் திருப்பிக் கொடுப்பார்களாம். அதிலிருந்து வந்த சொல். கோட்ரிக்குக்கு எந்தப் பிரபு வாள் கொடுத்தான்? அரிவாள்கூட அவர் சொந்தமாக அடித்துக்கொண்டதுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் பண்ணை மணியக்காரர் ஹமோ, சாட்சிக்கு இரண்டு பேரோடு வந்தார்.

"பர்னல் என் மாடுங்க. நான் வளத்தது," என்றான் தர்ஸ்டன்.

"கொட்டில் யாருதுப்பா? உங்க அப்பாருது. உள்ள நிக்கிறதெல்லாம் அவரு கணக்குத்தான். எது நல்ல மாடுன்னு நீங்களே சொல்லுங்க, நான் ஓட்டிட்டுப் போறேன்." ஹமோவும் குடியானவர்தான். அவருக்கும் மனசில்லை.

ஆல்வின் சட்டென்று முன்னால் வந்தான். "என் மாடுதாங்க ஒசத்தி. வெள்ளைக்கால ஓட்டிட்டுப் போங்க."

ஹமோ அவனை ஒரு பார்வை பார்த்தார். புரிந்துகொண்டார். சாட்சிகளும் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார்கள். ஹமோ வெள்ளைக்காலின் கயிற்றை அவிழ்க்கப் போனார். தர்ஸ்டன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் "என் மாடு ஒசத்தி" என்று தம்பி சொன்னது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது.

"எதுடா ஒசத்தி? உன் மாடா?" என்று பாய்ந்தான். "தோளப் பாருங்க, பல்லப் பாருங்க! இந்த நொண்டி, என் பர்னலோட கால் தூசிக்கு ஆகுமா? எல்லாமே உனக்குத்தான் ஒசத்தியாடா?"

ஹமோ வெள்ளைக்காலின் கயிற்றை விட்டார்.

"நான் செவிடன்னு சொல்ல முடியாதுப்பா," என்றார் ஹமோ, மெதுவாக. "ரெண்டு பேர் சாட்சி நிக்கிறாங்க." பர்னலை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார்.

ஆல்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, உனக்காகத்தானே அப்பிடிச் சொன்னேன். சரி விடு. வெள்ளைக்கால நீ ஓட்டிட்டுப் போ. ஹாவிஸ் அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"உன் மாடு யாருக்குடா வேணும்?"

நிலத்தை மட்டும்தான் வழக்கம் கடைக்குட்டிக்குக் கொடுத்தது என்று தர்ஸ்டன் இத்தனை வருஷம் நினைத்திருந்தான். நல்ல மனசும் தம்பிக்கே போயிருந்தது. மாடு போனதைக்கூடத் தாங்கிக்கொண்டான், இதைத் தாங்க முடியவில்லை.

ஹாவிஸ் குளிர்காலத்துக்கு முன்பே வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். தர்ஸ்டன் சாகும்வரை தம்பி நிலத்தில்தான் உழுதான், வெள்ளைக்காலைப் பூட்டிக்கொண்டு.