எண்ணெய் தடவிய கேமரா

கேமராக் கடைக்காரர் என்னை டீவிக்கு நேராக நிற்கச் சொன்னார். நின்றேன். டீவியில் ஒரு கிழவியின் முதுகு தெரிந்தது. கொண்டை ஒரு பக்கம் சரிந்திருந்தது. ரவிக்கையின் பின்பக்கத்துக் கிழிசலில் ஊக்கு குத்தியிருந்தது. யாரோ கடைக்கு வந்திருக்கிறார்கள் என்று ஒதுங்கி வழிவிட்டேன். அவளும் ஒதுங்கினாள். அப்புறம்தான் அது நான் என்று தெரிந்தது. இத்தனை வயதுக்கு என் முதுகை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"நல்லா கிளியரா இருக்குது பாருங்க ஆயா" என்றார் கடைக்காரர். "வூட்ல எத்தினி பேரு இருக்கீங்க?"

"ரெண்டு பேரு" என்றேன்.

என் மகன் தலையைக் குனிந்துகொண்டு, "ஒருத்தருதான். அம்மா மட்டுந்தான்" என்றான். கடைக்காரர் இன்னொரு பெட்டியைப் பிரித்தார்.

என் வீட்டுக்காரர் போய் அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. மாசி மாதத்து மத்தியானம். நான் உப்பளத்தில் இருந்தேன். அவருக்கு உடம்பு சரியில்லாததால் வேலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல் பக்கத்தில் விழுந்திருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. மகன் சென்னையிலிருந்து போன் செய்திருக்கிறான். அடித்து அடித்து நின்றுவிட்டது. தூங்குகிறார் போல என்று அவனும் விட்டுவிட்டான். நான் வேலை முடிந்து வந்து பின்பக்கம் போனபோது குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முதலில் குழாயை மூடினேன். அதற்குப் பிறகுதான் அவரைத் தொட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் "அழுதுடும்மா, அழுதுடு" என்றார்கள். கருமாதிக்கும் வரவில்லை. வரும் வரும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்த அன்று மகன் சொன்னான். "ஒண்ணு நீ என் கூட சென்னைக்கு வா. இல்லன்னா இங்க கேமரா வெக்கிறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

சென்னையில் அவன் வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். மாடியில் வீடு. மருமகள் நல்ல பெண். குறை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே நான் எங்கே உட்கார்ந்தாலும் யாருடைய இடத்திலோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. இங்கே என்றால் காலையில் எழுந்து அளத்துக்குப் போகலாம். பாத்தியில் உப்பை வாரிக் கரையில் போடுவது தெரியும். அதற்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனால், "கேமரா வெச்சிடு" என்றேன்.

"சரி. ஆனா ஒண்ணு. படம் வந்துக்கினே இருக்கணும். படம் நின்னுச்சு, அன்னிக்கே வந்து உன்னக் கூட்டிக்கினு போயிடுவேன். அப்போ எதுவும் பேசக் கூடாது."

அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பலவிதமாக எடுத்துக் காட்டினார். ஒன்று குண்டாக விளக்கு மாதிரி இருந்தது. ஒன்று நீளமாக. எங்கள் வீட்டில் நெட் இல்லாததால் சிம் கார்டு போடுகிற கேமராதான் சரி என்றார். அதில் பேசலாமாம், அந்தப் பக்கத்திலிருந்து அவன் பேசினாலும் இங்கே கேட்குமாம்.

"சார், மரக்காணம்னா பிளாஸ்டிக் பாடி எடுத்துக்கோங்க. உப்புக்காத்து. இரும்புல எது வெச்சாலும் தின்னுடும்."

"பிளாஸ்டிக்னா கல்லு வுட்டா ஒடஞ்சிடாதா? ஸ்டிராங்கா வேணும். மெட்டல் பாடி காட்டுங்க."

"ஒங்க இஷ்டம் சார். ஆயா இன்னா சொல்றாங்க?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஆம்பளைகள் இப்படி ஒரே நேரத்தில் பார்த்தால் வாய் திறக்காது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி என்ன கதியில் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும். அங்கேதானே வளர்ந்தான். நான் டீவியைப் பார்த்தேன். டீவியில் அந்த முதுகும் சும்மா நின்றது.

மறுநாள் அந்த மெட்டல் கேமராக்களை மாட்டுவதற்கு ஆள் வந்தார். முன்வாசலுக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. பின்பக்கம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மகன் தானே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கீழ. இன்னும் கொஞ்சம் ரைட்ல. கல்லு தெரியணும். ஆங், அங்கதான்" என்று போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். டிரில் போட்டதில் சுவர்ச் சுண்ணாம்பு என் தலையில் கொட்டியது. "ஆயா, நவுந்துக்க" என்றார் மாட்டுகிறவர்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் என் குளிக்கிற இடம். கீற்று மறைப்பு மூன்று பக்கமும் உண்டு, மேலே திறந்திருக்கும். கேமரா இருந்த உயரத்துக்கு அது உள்ளே பார்க்கும் என்று எனக்குத் தெரிந்தது. இதை மகனிடம் எப்படிச் சொல்வது? மாட்டுகிறவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அன்றிலிருந்து அடுப்படி மூலையில் வாளியை வைத்துக் குளித்தேன். தண்ணீர் அடுப்பு வரைக்கும் ஓடும். துணி போட்டுத் துடைப்பேன். பின்பக்கம் போவதே நின்றுபோனது. துணியைக்கூட முன்னால் இருக்கிற கைப்பம்பில் அலசினேன்.

பக்கத்து வீட்டுக்காரி முதல் நாளே வந்துவிட்டாள். என்னைவிடச் சின்னவள். வாய் நீளம், மனசு கெட்டதில்லை.

"இன்னாக்கா, கேமராவெல்லாம் வெச்சிக்கீறே. புதையல் கிதையல் எடுத்துட்டியா?"

"புள்ள வெச்சான்."

"அவன் வெக்காத என்ன செய்வான். இட்டுக்கினு போறதுக்கு அவனுக்கு மனசு இருக்குது. அவன் பொண்டாட்டிதான் வேணாம்னிருப்பா. மாமியாரை வூட்ல வெச்சிக்கிறதுக்கு கேமரா லேசுன்னு..."

"அத்தை" என்றது சுவர். "எனக்குக் கேக்குது."

அவள் அப்படியே உட்கார்ந்த வாக்கில் பின்னால் சாய்ந்துவிட்டாள். என் மகனுடைய குரல்தான், ஆனால் டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து, "அடப்பாவி, நான் உங்க அம்மாவ வம்புக்கு இழுத்தேன்டா, வேற ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கியா? கொழந்த நல்லா இருக்குதா?" என்றாள். பிறகு என் காதில், "இது எப்பவும் கேக்குமா, இல்ல அவன் கேக்குறப்போ மட்டுந்தானா?" என்றாள். எனக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவள் பேச வந்தால் தெருமுனைக்கு என்னை இழுத்துக்கொண்டு போவாள்.

நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை. அந்த நாட்களில் எல்லாம் தள்ளி நடக்கிற மாதிரி இருந்தது. சோறு வெந்ததா என்று பார்க்க மறந்து, வெறும் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சித்திரை முடிவதற்குள் கேமராவில் துரு வந்துவிட்டது. முதலில் ஆணி வைத்த இடத்தில் தேநீர் நிறத்தில் ஒரு கோடு. அது சுவரில் வழிந்து கீழே வந்தது. பிறகு கேமராவின் பிடியிலேயே பொருக்குப் பொருக்காக எழும்பியது. எனக்குப் பயம் வந்தது. படம் நின்றால் அன்றைக்கே வந்து கூட்டிப்போவேன் என்று சொல்லியிருக்கிறான். சொன்னால் செய்வான், அவன் அப்பா மாதிரி.

எங்கள் பக்கத்தில் உப்புக்கு எதிராக ஒரே வேலைதான் உண்டு, எண்ணெய் தடவுவது. அளத்தில் இறங்குவதற்கு முன்னால் காலுக்கு விளக்கெண்ணெய் தடவுவோம், இல்லாவிட்டால் தண்ணீர் காலைத் தின்றுவிடும். மண்வெட்டிக்குத் தடவுவோம். சைக்கிள் செயினுக்கு, பூட்டுக்கு, கதவுக் கீலுக்கு, டிபன் பாக்ஸ் கொக்கிக்குக்கூட. அவர் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை அது அவருடைய வேலை. கந்தைத் துணியை எண்ணெயில் முக்கி வீட்டைச் சுற்றி வருவார். இரும்பு என்று கண்ணில் பட்டதை விடமாட்டார்.

அந்தத் துணி இன்னும் தகர டப்பாவில் இருந்தது. எடுத்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். முன்வாசல் கேமராவுக்கு ஆணி, பிடி, உடம்பு, எல்லா இடத்திலும் கனமாகத் தேய்த்தேன். கண்ணாடி முகத்தையும் அதே துணியால் துடைத்தேன். அதில்தானே பார்க்கிறான், அதற்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான். பிறகு பின்பக்கம் போனேன். வெகு நாளைக்குப் பிறகு போகிறேன். கல்லைப் பார்க்காமல் ஏறி, அதற்கும் அதே மாதிரி தேய்த்தேன். இறங்கி, டப்பாவை வைத்துவிட்டு அளத்துக்குப் போய்விட்டேன். வேலை ஒன்று முடிந்தது என்று மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

அன்றைக்குக் காற்று அதிகம். அளத்துப் பக்கத்திலிருந்து உப்புப்பொடியும் புழுதியும் எழும்பி வீசியது. எண்ணெயில் அது எப்படி ஒட்டும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் காலிலேயே ஒட்டி வெள்ளையாகத்தான் வீட்டுக்கு வருவோம். காலைப் பற்றி நினைத்தேன், கேமராவின் கண்ணைப் பற்றி நினைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கம்பெனி உடுப்போடு வந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரி அவன் பக்கத்தில் நின்றாள்.

"நான் தலபாடா அடிச்சிக்கினேன்க்கா. உங்கம்மா அளத்துக்குத்தான் போயிருக்குது, கல்லு மாதிரி இருக்குதுன்னு போன்ல சொன்னேன். கேக்காத பஸ் ஏறி வந்துட்டான்."

அவன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். காலில் வெள்ளையாக உப்பு. போனை நீட்டினான். அதில் ஒன்றும் இல்லை. அடுப்படிப் புகை மாதிரி வெள்ளை. இன்னொன்றைத் தள்ளிக் காட்டினான். அதுவும் அப்படியே.

"ரெண்டும் ஒரே நேரத்துல போச்சும்மா. உனக்குப் போன் பண்றேன், எடுக்கல. அன்னிக்கு மாதிரியே எடுக்கல."

"போனு வூட்ல இருந்துச்சு. தண்ணில வுழுந்துடும்னு..."

"எதுனா மூடி வெச்சியா?"

"எண்ணெ தடவுனேன்."

"கேமராவுக்கா?"

"துரு புடிச்சுதுடா. நின்னுடும்னு..."

பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, கேமராவுக்கு எண்ணெக் குளியலா! சீயக்கா போட்டியாக்கா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் மெல்ல அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மகன், "துணிய எடுத்து வைம்மா. காலைல கெளம்பலாம்" என்றான். சரி என்றேன். உள்ளே போய்ப் பையை எடுத்தேன். இரண்டு புடவையை வைத்தேன். மூன்றாவதை மடித்துக்கொண்டிருந்தபோது பின்பக்கம் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. போனேன்.

அவன் ஸ்டூலில் ஏறிச் சட்டை நுனியால் கேமராவின் முகத்தைத் துடைத்துவிட்டு இறங்கிப் போனைப் பார்த்தான். நானும் பார்த்தேன். கல், குழாய், கீற்று மறைப்பு எல்லாம் தெரிந்தது. கல் நான்கு அடி தூரத்தில்தான் இருந்தது. அவன் அதைப் பார்க்காமல் போனில்தான் பார்த்தான்.

"நீ பின்னாடி வர்றதே இல்லியேம்மா. நான் எப்பப் பாத்தாலும் கல்லு மட்டுந்தான் இருக்குது."

"எப்பப் பாப்ப?"

"மத்தியானத்துல. சாப்புட்டுட்டு."

"அந்த நேரத்துக்கு நான் அளத்துல இருப்பேன்டா."

"தெரியும்" என்றான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் என்னைப் பார்ப்பதற்கு இதை வைக்கவில்லை. அன்றைக்குப் பார்க்காமல் விட்ட அந்த மத்தியானத்தை நாளும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். சாப்பிட்டுவிட்டு, தனியாக, அங்கே எங்கேயோ.

நான் அதிகம் பேசிப் பழகியவள் இல்லை. என் பிள்ளையிடம்கூட. ஆனாலும் சொன்னேன். "அங்க யாரும் இல்லடா கண்ணு. இத எடுத்துடு. முன்னாடி இருக்கட்டும். காலைல அடுப்பு பத்த வெச்சதும் அது எதிர்ல வந்து நிக்கிறேன். நீ என்னப் பாரு."

போனைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு, "நீ குளிக்கிறது..." என்று ஆரம்பித்து, கேமராவையும் கீற்று மறைப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். ஸ்குரு டிரைவர் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய் இறங்கியிருந்ததால் ஆணிகள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டன. கழற்றியதைக் கல்லின் மேல் வைத்தான். குழாயைத் திறந்து கை கழுவினான். எண்ணெய் போகவில்லை. நிஜமாகவே சீயக்காய்தான் கொண்டுவந்து கொடுத்தேன். கழுவிக்கொண்டே இருந்தான். முதுகு குலுங்கியது. குழாயை நான் மூடவில்லை, அவனே மூடட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவன் மட்டும் பஸ் ஏறினான். என் பையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. முன்வாசல் கேமராவை அவனே நன்றாகத் துடைத்துவிட்டு, "உடம்புல தடவு, மூஞ்சில தடவாத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தினமும் நிற்கிறேன். முந்தானையைச் சரியாகப் போட்டுக்கொண்டு, மேலே பார்க்காமல், கொஞ்ச நேரம். அவன் பார்க்கிறானா என்று கேட்டதில்லை. ஒருநாள் மறந்துவிட்டேன், உடனே போன் வந்தது.

பிறகு பின்பக்கம் போய்க் குளிக்கிறேன். சுவரில் ஆணி இருந்த ஓட்டைகளும், சுற்றி வட்டமாக எண்ணெய்க் கறையும் இருக்கின்றன. சுண்ணாம்பு அடித்தால் போய்விடும். இன்னும் அடிக்கவில்லை.