சூடம் அணைக்க வராதவள்

யோங் பெங்கிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதையில் இருந்தது அந்த ரப்பர் தோட்டம். அங்கே என்னை நடுங்க வைத்தது புலியும் இல்லை, பாம்பும் இல்லை. சம்பள நாள்தான். ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம். தோட்டத்துத் துரை தன் சொந்த ஆட்களைக் குறைத்துவிட்டு, மேட்டுப் பக்கத்து மரங்களையெல்லாம் ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு காண்டிராக்டரிடம் விட்டிருந்தார். துரை காண்டிராக்டருக்குக் கொடுப்பார், காண்டிராக்டர் எங்களுக்குக் கொடுப்பார். நடுவில் பாதிக் காசு வழியிலேயே நின்றுவிடும்.

மாதம் ஒரு நாள் காண்டிராக்டர் தன் வீட்டு வாசலில் மேசை போட்டு உட்காருவார். அரிசிக்குப் பிடித்தம், வாளிக்குப் பிடித்தம், பால் வெட்டுகிற கத்திக்குப் பிடித்தம், மாரியம்மன் திருவிழாவுக்குப் பிடித்தம். பாலில் மழைத்தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று ஒரு பிடித்தம். மழையே பெய்யாத மாதத்திலும் அது தவறாது. எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று இருந்தது. புதிதாகச் சேருகிற ஆளின் முதல் இரண்டு மாதச் சம்பளத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்வார். வேலையை விட்டுப் போகும்போது தருவாராம். வாங்கிக்கொண்டு போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இவ்வளவு சொல்லியும் எனக்கு 'அவர்' என்றுதான் வாயில் வருகிறது, பாருங்கள். பழக்கம்.

எனக்குக் கல்யாணமாகி, கூலிகள் வரிசையாகக் குடியிருக்கிற அந்த லயத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அடுத்த அறையில் ஓர் அக்கா இருந்தாள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். ஒரு சின்னப் பெண் குழந்தை. காட்டில் என் மரங்களும் அவள் மரங்களும் பக்கத்துப் பக்கத்து வரிசை. நான் பின்தங்கினால் அவள் தன் வேலையை முடித்துவிட்டு வந்து மரத்தில் பால் வடிகிற என் மங்குகளைத் துடைத்து வைப்பாள். பால் நிறுக்கிற இடத்தில் நான் திட்டு வாங்கக் கூடாது என்பதற்காக. வாய் மட்டும் சும்மா இருக்காது. "உன் புருசன் நல்லா சோறு போட்டுத்தான் வளக்கறாரு, கை மட்டும் ஏன் ஊர்ந்து போவுது?" என்பாள்.

அவளுடைய தம்பி கெலாங் பாத்தா பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தான். அங்கே வந்துவிடு என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். அக்கா போய், தன் காசையும் செத்துப்போன புருஷனின் காசையும் கேட்டாள். பிள்ளையை வைத்துக்கொண்டு புது இடத்தில் கால் ஊன்ற அவளுக்கு அதைத் தவிர வேறு கதி கிடையாது. காண்டிராக்டர் கொஞ்சமும் அசரவில்லை. "ரெண்டு பேரு காசையும் ஒம் புருசங்கிட்டயே குடுத்துட்டேனே, ஒங்கிட்ட சொல்லலியா அவன்?" என்றார். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்!

மற்றவர்களாக இருந்தால் அழுதுவிட்டு இருந்திருப்போம். அவள் இருக்கவில்லை. சம்பளத்தை இப்படிப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று ஒரு லாரி டிரைவர் சொன்னாராம். குழந்தையைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, அந்த லாரியிலேயே ஜொகூர் பாருவுக்குப் போய், கூலிகளின் புகாரை விசாரிக்கிற ஆபீசில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். சனிக்கிழமை காலை ஆபீசிலிருந்து ஒரு துரை வந்து விசாரிப்பார், உன் பக்கம் பேச ஆள் இருக்கட்டும் என்று அங்கே சொல்லியனுப்பினார்கள். லயம் முழுக்க அதே பேச்சு. அவளுக்குக் காசு வந்தால் எல்லோருக்கும் வரும். ஆண்கள் மீசையைத் தடவிக்கொண்டு, "நாங்க இருக்கோம்மா, சொல்றோம்" என்றார்கள். சொல்லியும் இருப்பார்கள். அதை இன்றைக்கும் நம்புகிறேன்.

வியாழக்கிழமை கிணற்றடியில் காண்டிராக்டர் வீட்டம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னா புள்ள, ஒன் ஜோடிய காணோம்? ரெண்டு குடத்தையும் நீயே தூக்கற?"

"அக்கா தூரங்கம்மா. காலைலேருந்து. அதான் நானே எடுக்கறேன்."

"அப்படியா," என்றார். வீட்டுக்கு வா என்று கூட்டிப்போய் ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தார். அன்றைக்கு என் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அக்காவுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய் வாசலில் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றாள்.

சாயங்காலம் பால் நிறுக்கிற இடத்தில் காண்டிராக்டர் எல்லோரையும் நிற்கச் சொன்னார். குரலில் அப்படி ஒரு தேன். "வெள்ளக்காரன் வந்து நம்ம வழக்க தீக்கணுமா? ஆத்தா இல்லியா நமக்கு? நாளைக்கு வெள்ளிக்கெழம, பூச முடிஞ்சதும் அந்தப் பொண்ணு கோயிலுக்கு வரட்டும். எங்காசு வரலன்னு சொல்லி சூடத்த அணைக்கட்டும். அணைச்சிட்டா அங்கேயே எண்ணி வச்சிடறேன்." இதைவிட நியாயம் வேறென்ன இருக்கிறது என்று ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் எங்களுக்குப் பேச்சில்லை. கோர்ட்டு, துரை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எனக்கு மட்டும் சூது புரிந்தது. தூரமான பெண், வீட்டு விலக்கானவள், கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். அது தெரிந்துதான் வெள்ளிக்கிழமை. தெரியப்படுத்தியது நான்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். கிணற்றடியில் நான் உளறியதைச் சொல்லவில்லை. அவள் கதவோரம் உட்கார்ந்தபடி என் முகத்தையே பார்த்தாள். "நான் எப்படிடி வருவேன்? ஆத்தா கோயில்ல தீட்டோட நின்னா எம் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடும். நீ போயி சொல்லுடி. தலைக்கு ஊத்திட்டு வந்து அணைக்கறேன், ஒரு கைக்கு ரெண்டு கையா அணைக்கறேன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு. வெக்கப்படாத, என்னா?" என்றாள். சரி என்றேன்.

மறுநாள் பூசை முடிந்தது. தட்டில் சூடம் எரிந்தது. காண்டிராக்டர், "எங்கம்மா, வந்தாச்சா?" என்று சுற்றிலும் பார்த்தார். நான் பெண்கள் கூட்டத்தில் நின்றேன். எதிரே ஆண்கள், என் புருஷன், அவனுடைய சித்தப்பா, எல்லோரும். நான் வீட்டம்மாவைப் பார்த்தேன். அந்தம்மாவுக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று ஓர் அசட்டு நம்பிக்கை. அந்தம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். சூடம் கரைந்துகொண்டே வந்தது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆண்கள் முன்னால் அந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்ற வெட்கம் என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். என் காசும் என் புருஷன் காசும் காண்டிராக்டரிடம்தான் இருந்தது.

சூடம் தானாக அணைந்தது. "நெருப்புன்னதும் பயம் வந்துடுச்சி போல," என்றார் காண்டிராக்டர். யாரோ சிரித்தார்கள். மீசையைத் தடவியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லயத்துக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "சொன்னியா?"

"சொன்னேங்கா. அவங்க கேக்கல," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! கோயிலில் ஒட்டிக்கொண்ட நாக்குதானே இது!

சனிக்கிழமை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் வெள்ளைக்காரத் துரை வந்து உட்கார்ந்தார். கூட வந்த ஆபீஸ் கணக்கர், கிராணி, தமிழில் கேட்டார்: "வேற யாரோட சம்பளத்தையாவது பிடிச்சு வச்சிருக்கா? இந்தம்மா சொல்றது நெசம்னு யாராவது சொல்றீங்களா?" காக்கை கத்துவதுதான் கேட்டது. கடைசியில் ஒரு பெரியவர், நல்ல மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு, "அந்தப் பொண்ணு சத்தியத்துக்கு வரலீங்க," என்றார். அக்கா தள்ளி ஒரு மரத்தடியில் நின்றாள். அந்தப் பெரியவரையும் அவள் கோபமாகப் பார்க்கவில்லை. நேற்றே நான் போய் அவர்களிடம் சொல்லியாயிற்று, கேட்டும் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் மறுபடி எதைச் சொல்வாள்? சாட்சி இல்லை என்று எழுதிக்கொண்டு துரை காரில் ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அவள் கிளம்பினாள். இடுப்பில் குழந்தை, தலையில் ஒரு மூட்டை. யோங் பெங்வரை நடை; அதற்கு மேல் லாரிக்காரர் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். போகும்போது தன் பால் வெட்டுக் கத்தியை என்னிடம் கொடுத்தாள். "இதுக்குப் பிடிச்சிட்டான், இது என்னுது. ஒன்னுது மொட்டையாயிடுச்சி இல்ல, நீ வச்சிக்க. புதுசு வாங்கிடாத." பிறகு என் கன்னத்தைத் தொட்டாள். "அத்தன பேருல நீ ஒருத்தியாச்சும் எனக்காக வாயத் தொறந்தியே. அது போதும்டி."

நான் அழுதேன். பிரிவுக்கு அழுகிறேன் என்று நினைத்து என்னைத் தேற்றிவிட்டுப் போனாள்.

அடுத்த சம்பள நாள் காண்டிராக்டர் என் காசிலிருந்து ஒரு கத்திக்குப் பிடித்தார். புதுக் கத்தி வைத்திருக்கிறாயே என்றார். எனக்குள் எது எழுந்து வந்ததோ தெரியாது.

"அது அந்த அக்கா கத்திங்க. அவங்ககிட்ட ஏற்கெனவே பிடிச்சிட்டீங்க."

"அவ ஒனக்குக் குடுத்தான்னு யாரு கண்டா?"

"சூடத்த கொளுத்துங்க. இப்பவே அணைக்கறேன். இன்னிக்கு நான் ஒண்ணும் தூரமில்ல."

வரிசையில் நின்ற ஆண்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். கதவோரம் நின்ற வீட்டம்மா உள்ளே போய்விட்டார். களத்தில் சத்தியத்துக்கு வரவில்லை என்று சொன்ன பெரியவர் மெல்ல என் பக்கம் திரும்பி, "அப்ப அன்னிக்கு அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். காண்டிராக்டர் கத்திக்காசை எடுத்து மேசையில் என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான். மலை மாதிரி நினைத்திருந்த மனிதர் அவ்வளவு சுலபமாக நகர்ந்தார்.

கெலாங் பாத்தா கடல் தாண்டி ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் போகிற லாரிகள் எத்தனையோ. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்று என் புருஷன்கூடச் சொன்னான். நான் போகவில்லை. போனால் அவள் சந்தோஷமாக ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஒரு கத்திக்குத் திறந்த வாய் உனக்குத் திறக்கவில்லை அக்கா என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?