இருட்டாயிருந்த எதிர்வாசல்

நுரையீரல் கெட்டுப்போய், வீட்டில் தனியாக ஆக்சிஜன் மெஷினோடு இருப்பவள் நான். மூக்குக்குப் போகும் குழாய் உரசிக் காதுக்குப் பின்னால் புண்ணாகிவிட்டது. "எண்ணெய் தடவாதீங்க, பக்கத்துல நெருப்பு கூடாது, ஆக்சிஜன் இருக்கிற இடத்துல சட்டுனு பத்திக்கும்" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில், புண்ணுக்குத் தடவத் தேங்காய் எண்ணெயோடு வந்த எதிர்வீட்டு மல்லிகாவைத் திட்டி அனுப்பிவிட்டேன். அப்புறம் யாருமே வரவில்லை.

கார்த்திகை தீபத்தன்று சங்கராபுரத்தில் எங்கள் தெரு முழுக்க விளக்கு. பிள்ளைகள் கரித்தூள் பொட்டலத்தைப் பற்றவைத்துச் சுழற்றும் மாவலியின் பொறி உள்ளே வந்துவிடுமோ என்று கதவைச் சாத்திக்கொண்டேன். மல்லிகா கதவைத் தட்டினாள்.

"தொற அக்கா, நெருப்பும் இல்ல, எண்ணெயும் இல்ல. நர்சம்மாவ கேட்டுக்கினுதான் வந்தேன். இன்னா, இதுக்கும் திட்டுவியா?"

பழைய வேட்டித் துணியை மடித்துக் குழாய்க்கும் காதுக்கும் நடுவில் வைத்தாள். எரிச்சல் அடங்கியது. ஜாக்கிரதையாக இருப்பவள் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அவள் போகும்போது எட்டிப் பார்த்தேன். தெருவிலேயே என் வாசலைப் போல, நேரெதிரே அவள் வாசலில் மட்டும் விளக்கு ஏற்றவில்லை.