விசிறி வைத்த போன்

கேம் ஆடுவதற்கென்றே செய்த போனை நான் வாங்கியது நெல் வயலைப் படம் எடுக்க. திருவாரூர் கடைக்காரர் அதை நம்பவில்லை.

“வீட்ல பசங்க ஆடுவாங்களா மேடம்?”

“இல்லங்க, எனக்குத்தான். வெயில்ல நின்னு வேலை பாக்கணும்.”

ஒவ்வொரு சர்வே எண்ணிலும் என்ன பயிர் நிற்கிறதென்று, அந்த வயலிலேயே நின்று படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். ஒப்பந்த வேலை. வலங்கைமான் பக்கம் சில கிராமங்கள் என் பொறுப்பு. குறுவை சமயத்தில் காலை பத்து மணிக்கே என் பழைய போன் கையில் பிடிக்க முடியாமல் சுடும். திரை மங்கும். படம் பாதி ஏறும்போது செயலி மூடிக்கொள்ளும். கடந்துவந்த வரப்பிலேயே திரும்ப நடப்பேன். இரண்டு பருவம் அப்படி நடந்து அலுத்துவிட்டது.

என்னோடு வேலை பார்க்கும் அக்காவும் அன்று கடைக்கு வந்திருந்தார். கடைக்காரர் இரண்டு போன்களை மேசைமேல் வைத்தார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று, விளம்பரத்தில் எல்லோரும் பார்க்கிற பெரிய கம்பெனியின் உயர்ந்த மாடல். மற்றது கனமாக, முதுகில் சிவப்பு விளக்கோடு, உள்ளே சின்ன விசிறி ஓடுவது.

“இதுல கேமரா சுமார்தான். தண்ணியும் படக் கூடாது” என்றார் கடைக்காரர். “ஆனா எவ்வளவு நேரம் ஓட்டினாலும் சூடாகாது.”

அக்கா முதலாவதை எடுத்தார். நான் விசிறி வைத்ததை எடுத்தேன்.

வயலில் நான் ஏமாறவில்லை. உச்சி வெயிலிலும் திரை மங்கவில்லை. சார்ஜ் மாலை வரை நின்றது. விசிறிச் சத்தம் கேட்டு, மடை திறந்துகொண்டிருந்தவர் ஒருவர், “போனுக்கே ஃபேன் போட்டாச்சா, எங்களுக்கு எப்பம்மா?” என்றார். அக்காவின் போன் மதியத்தில் சூடேறி நின்றுவிடும். வேப்பமர நிழலில் அதை ஆற வைத்துவிட்டு என் போனை வாங்கித் தன் வயல்களை ஏற்றுவார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அந்தப் புரட்டாசியில் அப்பாவுக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூரில் கல்யாணம் வைத்தோம். ஊர் வயல்களில் கூலிக்கு நாற்று பறித்து எங்களைப் படிக்க வைத்தவர் அவர். போட்டோகிராபர் வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு, “அவ்ளோ விலை குடுத்து போன் வாங்கிருக்க, அது போதாதா?” என்றார். போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு. ஹோமப் புகை வேறு. கலசத் தண்ணீரை அப்பா அம்மா இருவர் தலையிலும் ஊற்றியபோது, தாலி கட்டியபோது, அம்மா வெட்கப்பட்டுக் குனிந்தபோதெல்லாம் எடுத்துக்கொண்டே இருந்தேன். அவர்களை நேராகப் பார்த்ததைவிடத் திரையில் பார்த்ததே அதிகம்.

திரும்பும் வேனில் அப்பா போனை வாங்கினார். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முகங்கள் மெழுகு தடவியதுபோல் வழவழத்துக் கிடந்தன. தாலி கட்டிய படத்தில் அப்பாவின் கை அசைந்து வெறும் கலங்கலாக இருந்தது. அம்மாவின் கண் எதிலும் தெளிவாக விழவில்லை.

“பொடவை கலர் நல்லா வந்துருக்கு” என்று சொல்லி அப்பா போனைத் திருப்பித் தந்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் வயலில் அக்காவிடம் காட்டினேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்ருந்தா என் போனைக் குடுத்துருப்பேனே.”

கேட்கத் தோன்றவில்லை. இரண்டு மாதமாக மதியந்தோறும் என் போனை வாங்கியவர் அவர். கடைக்காரர் அன்றே சொல்லியும், என் போனிலும் ஒரு குறை இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

இந்த வருடம் என் போனுக்கு அப்டேட் வருவது நின்றுவிட்டது. விசிறியில் நெல் தூசி புகுந்து கரகரக்கிறது. தஞ்சாவூரில் இரண்டு கடைகளில் கேட்டேன். இந்த மாடலைத் திறக்கத் தெரியாது என்றார்கள். அக்காவின் போனுக்கு இன்னும் அப்டேட் வருகிறது. மதியத்தில் மட்டும் அது இன்னமும் நின்றுவிடும்.

போன வாரம் வாய்க்கால் கரையில், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: “கேமிங் போன் வாங்கலாமாக்கா? அந்த வெலைக்குத் தகுமா?”

வயலுக்குத் தகும், வீட்டுக்குத் தகாது என்று சொல்லலாம். ஆனால் இரண்டு போன் வாங்க யாரால் முடியும்?

“நீ எதை அதிகமா படம் எடுப்பன்னு யோசிச்சு வாங்கும்மா” என்றேன்.

“வயலைத்தான்” என்றாள் உடனே.

நானும் அன்று கடையில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னும் பாதி ஊர் பாக்கி இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.