கிழக்கே பாலை மரம்

எனக்குச் சருகைக் கண்டால் பிடிக்காது. சாம்பல்தீவில் எங்கள் வீட்டு முற்றத்தில் விடியக்காலமை ஒரு வேப்பிலை கிடந்தாலும் அது என்னைப் பார்த்துப் பல்லை இளிப்பது போலத்தான் இருக்கும். கந்தோரில் வேலை பார்த்த காலம் முழுக்க, முற்றம் கூட்டாமல் ஒரு நாளும் நான் பஸ் ஏறியதில்லை. என் மனுசன் எனக்கு வைத்த பேர் ‘சருகுப் பொலிஸ்’. அவர் மின்சார வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாயிலும் கொஞ்சம் மின்சாரம் மிச்சம் இருக்கிறது.

இந்தக் குணத்தால்தான் நான் ஒரு மரத்தைக் கொன்றேன்.

திரியாயில் எனக்குச் சீதனமாக வந்த மூன்று ஏக்கர் காணி உண்டு. பழைய காணி உறுதிப் பத்திரத்தில் அதன் எல்லைகளை இப்படி எழுதியிருக்கிறார்கள்: வடக்கே வண்டில் பாதை, தெற்கே வாய்க்கால், மேற்கே வயல், கிழக்கே பெரிய பாலை மரம். அளந்து கீறிய படம் ஏதும் இல்லை. ஒரு மரத்தை நம்பி எல்லை எழுதிய காலம் அது. சண்டையால் நாங்கள் இடம்பெயர்ந்தபோது அந்தக் காணி பாதி தோட்டமும் பாதி பற்றையுமாகக் கிடந்தது. பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் கட்டிப் போன பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தால், வேலியும் இல்லை, தோட்டமும் இல்லை. முதிரை, வீரை, நாவல், வேம்பு என்று முழுக்கக் காடு. கிழக்கே பாலை மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க ஏலாத மரம்.

அன்றைக்கு உள்ளே வாள் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், ஒருவர் எங்கள் முதிரையில் கொப்பு அறுத்துக்கொண்டு நிற்கிறார். கிழக்குப் பக்கத்துக் காணிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது குறைந்தவர், அவரும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்தான்.

“ஆரும் இல்லாத காணி எண்டு நினைச்சனான், அக்கா” என்றார். வாளை உடனே கீழே வைத்துவிட்டார்.

கெட்ட மனிதர் இல்லை. ஆனால் போகும்போது இன்னொரு கதையும் சொன்னார். “எங்கட காணி இஞ்சால இன்னும் கொஞ்சம் வரும் எண்டு அப்பு சொன்னவர். எங்கட உறுதி எல்லாம் எரிஞ்சு போச்சு. பாலை நிக்கிறமட்டும் அதுதான் எல்லை, நான் ஒண்டும் கதைக்கேல்லை. அது விழுந்தா அளந்துதான் பாக்கவேணும்.”

அந்த ‘இன்னும் கொஞ்ச’த்துக்குள்தான் எங்கள் கிணறு இருக்கிறது. மூன்று ஏக்கரிலும் நல்ல தண்ணீர் ஊறுகிற ஒரே இடம் அது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். ஆரும் இல்லாத காணி. வீடு இல்லை, விளக்கு இல்லை. ஆள் இருக்கிறது என்று எதைக் கொண்டு காட்டுவது? எனக்குத் தெரிந்த ஒரே வழி கூட்டுவதுதான். கூட்டின முற்றத்தைக் கண்டால் இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று எவருக்கும் விளங்கும்.

பிறகென்ன, கிழமைக்கு இரண்டு நாள் திரியாய்க்குப் போனோம். ஒரு கொட்டில் போட்டோம். நான் நீளப் பிடி போட்ட ஈர்க்கு விளக்குமாறு இரண்டு கட்டுவித்து, மூன்று ஏக்கர் காட்டையும் கூட்டத் தொடங்கினேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே கூட்டினேன். மரங்களுக்கு இடையில் ஒரு சருகு விடவில்லை. ஆடி மாதத்தில் பாலைப்பழம் மஞ்சள் மஞ்சளாய் விழுந்து கிடக்கும். தின்றது போக மிச்சத்தைக் கொட்டையோடு சேர்த்து வாரினேன். சின்னக் கன்று முளைத்தால் அதுவும் குப்பைதான், பிடுங்கி எறிந்தேன். குவித்த சருகைப் பாலையின் அடியில் வைத்துக் கொளுத்தினேன். அங்கேதான் நல்ல நிழல், வேலை முடிந்து இருக்க வசதி.

பாதையால் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். “காடு மாதிரியே இல்லை, கோயில் வீதி மாதிரிக் கிடக்கு” என்று ஒருவர் சொன்னார். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தலை கால் புரியவில்லை. இரண்டு கிழமை அதையே மனுசனுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

நாலாம் வருடம் கோடையில் மனுசன்தான் முதலில் கண்டார். “இஞ்ச பாரும், பாலையின்ர உச்சி காயுது.”

மேற்குப் பக்கத்துக் கொப்புகளில் இலையே இல்லை. கறையானாக்கும் என்று மருந்து வாங்கி ஊற்றினேன். கறையான் பாவம், அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடுத்த மாரியில் கொட்டின மழைக்கு மண் கரைந்து வாய்க்காலால் சிவப்பாக ஓடியது. மழை விட்ட பிறகு பார்த்தால் வேரெல்லாம் வெளியே கிடந்தது. இரண்டு வீரை மரங்கள் வாடி நின்றன. பாலையில் பாதி பட்டுப்போயிருந்தது. மரம் போனால் எல்லை போகும், எல்லை போனால் கிணறு போகும்.

காணி வைத்திருக்கிறவர்களுக்கு மரங்களைப் பற்றி ஆலோசனை சொல்ல ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கையோடு கூட்டிக்கொண்டு வந்தோம். என் கடைசி மகளின் வயதுதான் இருக்கும். வந்த பிள்ளை மேலே பார்க்கவே இல்லை. குந்தியிருந்து நிலத்தைத் தடவியது. விரலால் கிண்டிப் பார்த்தது. மண் சீமெந்துத் தரை போல இறுகிக் கிடந்தது.

“இஞ்ச ஆர் அன்ரி கூட்டுறது?”

“நான்தான்” என்றேன். அப்போதும் பெருமையாகத்தான் சொன்னேன்.

“இனிக் கூட்டாதேங்கோ.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “கூட்டாமல்? பாம்பு பூச்சி அடையவோ?”

“சருகுதான் இந்த மரங்களின்ர சாப்பாடு. அதுதான் மண்ணை மூடியிருக்கிற போர்வையும். நீங்கள் சாப்பாட்டையும் பறிச்சு, போர்வையையும் உரிஞ்சு போட்டியள்.” பிறகு எழும்பிப் பாலையின் மேற்குப் பக்கத்துக்குப் போய், அடிப்பட்டையில் கையை வைத்து அழுத்தியது. பட்டை பொக்கென்று உள்ளே போனது. “இதில நெருப்பு எரிச்சிருக்கினம். ஒருக்கா இல்லை, கனதரம்.”

அந்த ‘இருக்கினம்’ என்ற ஆட்கள் வேறு ஆருமில்லை, நான்தான். மனுசன் என்னைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்தார். அவர் வாயில் இருந்த மின்சாரம் அன்றைக்குத் தடைப்பட்டுப் போயிருந்தது. நான் கொட்டிலுக்குப் பின்னால் போய் அழுதேன். ஆள் இருக்கிறது என்று காட்டுவதற்காகவே அவ்வளவும் செய்தேன். என் காணிக்குச் சாட்சி சொல்ல நின்ற ஒரே மரத்தின் காலடியில் நானே நெருப்பு வைத்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளை போகுமுன் செய்யவேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டுப் போனது. உள்ளே சருகில் கை வைக்கவே கூடாது. மழை ஓய்ந்த பிறகு, தை மாசியில், மரங்களில் ஏறிய கொடியை அடியில் வெட்டி விடவேண்டும், இழுக்கக்கூடாது. நாயுண்ணிப் பற்றையை மட்டும் வேரோடு கிளப்பலாம். தானாக முளைக்கிற கன்றுகளை இரண்டு மூன்று வருடம் விட்டு, பிறகு நெருக்கமானதை ஐதாக்கலாம். “கூட்டாமல் இருக்க ஏலாது எண்டா, கோடை துடங்க முதல் எல்லையைச் சுற்றி மட்டும் கூட்டுங்கோ. இரண்டு பாகம் அகலம். நெருப்பு வந்தா அதில நிக்கும்” என்றது. பாகம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டியது.

“பாலை பிழைக்குமோ, பிள்ளை?”

“கிழக்குப் பக்கம் இன்னும் உயிர் இருக்கு. சொல்ல ஏலாது.”

கூட்டாமல் இருந்த அந்த முதல் வருடத்தை எப்படிச் சொல்வேன்! கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தேன். சருகு விழ விழ எனக்கு உடம்பெல்லாம் கடித்தது. பாதையால் போன ஒருத்தி, “என்ன, உடம்புக்கு ஏலாதோ?” என்று கேட்டாள். காட்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன், விளங்கப்படுத்தப் பொறுமை இல்லை. அந்த ஆடியில் பாலையின் உயிரிருந்த பக்கம் பழம் பொலிந்து கொட்டியது. சாகப்போற மரம்தான் இப்படிக் காய்க்கும் என்று மனுசன் சொன்னார். வாயை மூடுங்கோ என்றேன். பழத்தை வாராமல் விட்டேன்.

அடுத்த கோடைக்கு முன்னம் எல்லையைச் சுற்றிக் கூட்டினேன். விளக்குமாற்றைத் திரும்பக் கையில் எடுத்தபோது வந்த சந்தோசத்தை மறைக்க ஏலாது. கிழக்கே பாலை சரியாக எல்லையில் நிற்பதால், அதன் அடிச் சருகை விட்டுவிட்டுச் சுற்றி வளைத்துக் கூட்டவேண்டியிருந்தது. சுற்றினால் அது பக்கத்துக் காணி.

“அக்கா, என்ர காணியையும் கூட்டுறியள்” என்று அவர் வந்து நின்றார்.

“கூட்டினா நோகுதோ?” என்றேன்.

சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆவணியில் ஒரு காலை அவர் தன் பற்றையை வெட்டிக் குவித்து நெருப்பு வைத்தார். மத்தியானம் கிழக்கே கடலில் இருந்து காற்று எழும்பியது. நாங்கள் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது புகை எங்கள் பக்கம் சரிந்து வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், முழங்கால் உயர நெருப்பு புல்லைத் தின்றுகொண்டு பாலையைப் பார்த்து வருகிறது. அவர் பச்சைக் கொப்பால் அடித்துக்கொண்டு நின்றார். மனுசனும் ஒரு கொப்பை முறித்துக்கொண்டு ஓடினார். நான் விளக்குமாற்றோடு கூட்டின வரம்பில் நின்று, பறந்து வந்து விழுந்த ஒவ்வொரு பொறியையும் அடித்து நூர்த்தேன். நெருப்பு வெறும் மண்வரை வந்தது. தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. நின்றது, புகைந்தது, படுத்தது.

அவர் வியர்வையோடு வந்து, “அக்கா, நீங்கள் கூட்டியிராட்டி...” என்று தொடங்கினார். நான் முடிக்க விடவில்லை. “நெருப்பு வைக்க முதல் காத்தைப் பாக்கத் தெரியாதோ?” என்று கத்தினேன். நல்ல வார்த்தை ஒன்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் வாயில் அதுதான் வந்தது.

பாலையை நெருப்பிலிருந்து காப்பாற்றினோம். என்னிடமிருந்து காப்பாற்ற முடியவில்லை. அந்த மாரியில் இரண்டு நாள் விடாமல் காற்றும் மழையும் அடித்தது. மூன்றாம் நாள் காலை பக்கத்துக் காணிக்காரர் போன் எடுத்தார். “அக்கா, பாலை விழுந்திட்டுது.”

உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். வழி முழுக்க என்ன கதைப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மனுசன் பகிடி விடவில்லை. போய்ச் சேர்ந்தபோது மரம் கிணற்றுப் பக்கமாகக் கிடந்தது. வேரோடு புரளவில்லை. அடியில், நான் கொளுத்திய பக்கத்தால் முறிந்திருந்தது. உள்ளே கோறையாகக் கறுத்துக் கிடந்ததைப் பார்க்க ஏலாமல் முகத்தைத் திருப்பினேன்.

திருப்பின பக்கத்தில் பக்கத்துக் காணிக்காரர் குந்தியிருந்தார். கையில் கயிறு, பக்கத்தில் நாலு தடி. அளக்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து போனது.

“மரம் விழுந்து ஒரு நாள் ஆகேல்லை, அதுக்குள்ள கயிறு பிடிக்க வந்திட்டியளோ!”

அவர் ஒரு பக்கம் விலகினார். அடிக்கட்டையில் இருந்து ஒரு பாகத் தூரத்தில், நனைந்த சருகுக்குள் ஒரு கன்று நின்றது. முழங்கால் உயரம்கூட இல்லை. இலையைப் பார்த்ததும் தெரிந்தது, பாலை. நான் வாராமல் விட்ட பழத்தில் ஒன்று. கன்றைச் சுற்றி நாலு பக்கமும் தடி ஊன்றி, மாடு கடிக்காமல் கயிறு வரிந்துகொண்டிருக்கிறார்.

“கட்டை இன்னும் கொஞ்ச வருசத்தில உக்கிப்போகும், அக்கா” என்றார். “எல்லைக்கு இதை விடுவமோ?”

நான் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். மனுசன்தான், “உங்கட அப்பு சொன்ன கதை?” என்று கேட்டார்.

“அப்பு கனக்கக் கதை சொன்னவர்” என்றார் அவர். கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு எழும்பி என்னைப் பார்த்தார். “ஒண்டு மட்டும், அக்கா. இந்த இடத்தைக் கூட்டிப்போடாதேங்கோ.”

உறுதியை மனுசனிடம் கொடுத்தேன். குனிந்து இரண்டு கையாலும் ஈரச் சருகை அள்ளிக்கொண்டு வந்து, அந்தக் கன்றின் அடியில் போட்டேன்.